சீட்டுக்கு அடியில்

மாருதி ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கினால் மூன்று சிலிண்டர், 796 சிசி. 1984-இல் வெறும் ‘வேன்’ என்று வந்து, பிறகு ஆம்னியாகி, 2019-இல் உற்பத்தி நின்றுபோனது. பிந்தைய வண்டிகளில் பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். இங்கே குறித்துவைப்பது அதற்கு முந்தைய, பாயிண்டும் கார்பரேட்டரும் உள்ள வண்டியைப் பற்றி. அதில் டிஸ்டிரிபியூட்டரைக் கையால் திருப்பலாம்.

*

பிளக்கில் பொறி விழுந்ததும் உள்ளே இருப்பதெல்லாம் ஒரேயடியாகப் பற்றிவிடுவதில்லை. தீ பரவக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதனால்தான் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பே பொறி விழுந்தாக வேண்டும். உச்சியைத் தாண்டி அது இறங்கத் தொடங்கும்போது அழுத்தம் முழுதாக வந்து தள்ள வேண்டும்.

ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 900 சுற்று என்றால் விநாடிக்கு 15 சுற்று, அதாவது 5,400 டிகிரி. பத்து டிகிரி முன்னால் என்பது இரண்டு மில்லி விநாடிகூட இல்லை. வேகம் நான்கு மடங்கானால் அதே பத்து டிகிரி அரை மில்லி விநாடிக்கும் கீழே போய்விடும். தீ அந்த அளவுக்கு அவசரப்படாது. ஆகவே வேகம் கூடக் கூடப் பொறி இன்னும் முன்னால் நகர வேண்டும். டிஸ்டிரிபியூட்டருக்குள் ஸ்பிரிங் மாட்டிய சின்ன எடைகள் சுழற்சியில் வெளிப்பக்கம் விரிந்து இதைச் செய்கின்றன. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துப் போகும்போது கலவை மெதுவாக எரியும். அப்போது வேக்கம் இழுக்கும் ரப்பர் சவ்வு இன்னும் கொஞ்சம் முன்தள்ளும்.

நாம் கையால் வைப்பது தொடக்கப் புள்ளியை மட்டும்.

*

டைமிங்கைத் தொடுமுன் பாயிண்ட் இடைவெளியைப் பார்த்துவிட வேண்டும். கேம் மேல் உரசும் ஃபைபர் துண்டு தேயத் தேய இடைவெளி குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், பொறியும் தாமதமாகும், டைமிங் தானாகவே ரிட்டார்டு ஆகிக்கொண்டிருக்கும். யாரும் கவனிப்பதில்லை. வண்டி சூடாகிறது, மைலேஜ் இல்லை, மேட்டில் இழுக்கவில்லை என்று பெட்ரோல் பங்க்கைத் திட்டிக்கொண்டிருப்போம்.

*

டைமிங் லைட்டை முதல் சிலிண்டர் ஒயரில் மாட்டி ஃபிளைவீல் மேல் அடித்தால், ஓடிக்கொண்டிருக்கும் சக்கரம் அப்படியே நிற்பதுபோலத் தெரியும். சுழலாமல் தெரிகிற கோட்டை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம், எனக்கு அலுப்பதில்லை. கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ். டிஸ்டிரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், இங்கே ஒரு டிகிரி நகர்த்தினால் அங்கே இரண்டு. கை கனமாக இருந்தால் கோடு கண்ணைவிட்டே ஓடிவிடும். வேக்கம் குழாயைக் கழற்றி அடைக்க வேண்டுமா என்பது வண்டிக்கு வண்டி வேறு. மானுவல் சொல்வதைக் கேட்பதே நல்லது.

*

மாமாவுக்கு லைட்டில் நம்பிக்கை இல்லை. “காதால கேட்டே வெச்சிரலாம் மாப்ளே. எங்க நல்லா பாடுதோ, அங்க டைட் பண்ணு.”

பல மெக்கானிக்குகளும் அப்படித்தான் வைக்கிறார்கள், வண்டியும் ஓடுகிறது. ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. அட்வான்ஸ் பக்கம் திருப்பத் திருப்ப ஐட்லிங் ஏறும், சத்தம் கூர்மையாகும், உதறல் குறையும். காது இன்னும், இன்னும் என்று கேட்கும். பாரமே இல்லாமல் வீட்டு வாசலில் நிற்கிற இன்ஜின் அது. எது கொடுத்தாலும் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும். ஆறேழு பேரை ஏற்றி, மேட்டில், பெரிய கியரில் மெதுவாக ஏறும்போதுதான் கணக்கு கேட்கும்: தகர டப்பாவில் சில்லறையைக் குலுக்கினாற்போல நாக்கிங். அதை நாள்கணக்கில் விட்டால் பிஸ்டனுக்கே ஆபத்து. ரொம்பவும் மிஞ்சியிருந்தால் ஸ்டார்ட் செய்யும்போதே இன்ஜின் எதிர்த்து உதைக்கும்.

பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லை. 20 சதவீத எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும். கூடவே கலவையை மெலிதாக்கும். கார்பரேட்டருக்கு அது தெரியாது. அதனால் மானுவலின் எண்ணை முடிந்த முடிவாக நான் வைத்துக்கொள்வதில்லை. லைட்டில் கோட்டை வைத்துவிட்டு ரோட்டில் கேட்கிறேன். காது அங்கேதான் உதவுகிறது. மாமாவிடம் இதைச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

*

போல்ட்டை இறுக்கும்போது டிஸ்டிரிபியூட்டர் கொஞ்சம் நகரும். இறுக்கிய பிறகு இன்னொரு முறை லைட். ஐட்லிங் ஏறியிருந்தால் கார்பரேட்டர் திருகில் இறக்கிவிட்டு, கோட்டை மறுபடி பார்க்க வேண்டும். பிறகு ஆளேற்றிக்கொண்டு பாலத்து ஏற்றம், நான்காவது கியர். சில்லறைச் சத்தம் வந்தால் ஓரங்கட்டி ஒரு மயிரிழை ரிட்டார்டு. அதற்குச் சீட்டைத் தூக்கியாக வேண்டும். முன்னால் உட்கார்ந்திருக்கும் மாமா முனகிக்கொண்டே இறங்குவார்.