படிவம் 16, படிவம் 16ஏ

படித்து வேலைக்குப் போகிறவர்களை நம் வருமான வரித்துறை பல வருடங்களாக ஒரே ஒரு எழுத்தால் இரண்டாகப் பிரித்திருக்கிறது. சம்பளம் வாங்குகிறவருக்குப் படிவம் 16. கட்டணம், கமிஷன், ஒப்பந்தத் தொகை என்று வாங்குகிறவருக்குப் படிவம் 16ஏ. முன்னவருக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 192ஆவது பிரிவில் வரி பிடிப்பார்கள். பின்னவர் தொழில்முறைக் கட்டணம் வாங்கினால் 194ஜே, பத்து சதவீதம். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் இந்த எண்கள் மாறுகின்றன. கோடு மட்டும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

நான் மூன்று வருடமாக 16ஏ ஆள். ஒரு நிறுவனத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுகிறேன். ஒப்பந்தத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் 'சுயேச்சையான ஒப்பந்ததாரர்' என்று போட்டிருக்கிறது. நடைமுறை என்னவென்றால், காலை பத்து மணிக்கு அவர்களுடைய மென்பொருளுக்குள் நுழைந்திருக்க வேண்டும். ஊருக்குப் போவதென்றால் ஒரு வாரம் முன்னால் சொல்லணும். இதே வேலையை இன்னொரு கம்பெனிக்குச் செய்யக்கூடாது என்று ஒரு ஷரத்து உண்டு. நான் விலகினால் ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும், அவர்கள் விலக்க ஒரு மெயில் போதும். லேப்டாப், இணையம், கரண்ட் பில், முதுகுவலி எல்லாம் என் சொந்தம். இதில் சுயேச்சை எங்கே சார் இருக்கு என்று ஆடிட்டரிடம் கேட்டேன். "வரியில உங்க ஆளுங்களுக்கு லாபம்தானே மேடம்?" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. 44ஏடிஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. வக்கீல், டாக்டர், பொறியாளர், ஐடி துறையினர், சினிமாக் கலைஞர் என்று அதற்கு ஒரு பட்டியல். பட்டியலில் இருப்பவரின் வருட வரவு வரம்புக்குள் இருந்தால், அதில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும். மீதிப் பாதி செலவாச்சா என்று யாரும் ரசீது கேட்பதில்லை. 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையில் ஒரு கணக்கு போடலாம். ஒருவர் 20 லட்சம் சம்பளம் வாங்குகிறார். நிலையான கழிவு 75,000 போக, மேல்வரியோடு சேர்த்து அவர் கட்ட வேண்டிய வரி 1,92,400 ரூபாய். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்கிற இன்னொருவர் 20 லட்சத்தைக் கட்டணமாக வாங்குகிறார். அவருடைய லாபம் 10 லட்சம் என்று கணக்கு. அவருக்கு வரி பூஜ்யம்.

இந்தப் பட்டியலைப் படிப்பதே ஒரு அனுபவம். 'சினிமாக் கலைஞர்' என்ற தலைப்புக்குள் வசனகர்த்தா, பாடலாசிரியர், எடிட்டரோடு உதவி இயக்குநரையும் வரி விதிகள் சேர்த்திருக்கின்றன. அறை வாடகைக்குக் கடன் வாங்கி, பேட்டா எப்போது வருமென்று காத்திருக்கும் உதவி இயக்குநர், சட்டத்தின் கண்ணில் வக்கீலுக்கும் டாக்டருக்கும் நிகரான சுதந்திரத் தொழிலர்.

சரி, படிவம் 16இல் ஏ இல்லாதவருக்கு என்ன கிடைக்கிறது? முதலாளி வருங்கால வைப்பு நிதிக்குத் தன் பங்காக 12 சதவீதம் போடுவார். மாதம் 21,000 வரை வாங்குகிறவர்களுக்கு ஈஎஸ்ஐயில் 3.25 சதவீதம் கட்டுவார். வேலையை விடும்போது, வருடத்துக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்ற கணக்கில் கிராஜுவிட்டி. பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பு.

என்னோடு அதே நிறுவனத்துக்கு வேலை செய்த தோழி, பிரசவத்துக்கு இரண்டு நாள் முன்பு வரை ஃபைல் அனுப்பிக்கொண்டிருந்தாள். குழந்தை பிறந்த செய்தியைச் சொன்னதும் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து அழகான ஒரு மெயில் வந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், தயாரானதும் சொல்லுங்கள். நான்கு மாதம் அவள் இன்வாய்ஸ் அனுப்பவில்லை. அவள் அம்மாவின் வளையல் இரண்டு அடகுக்குப் போனது. ஐந்தாவது மாதம் தயார் என்று எழுதினாள். இப்போதைக்கு இடம் இல்லை, வந்தால் கட்டாயம் அழைக்கிறோம் என்று பதில் வந்தது. திட்டவும் வழியில்லை. யாரும் சட்டத்தை மீறவில்லை. விடுப்பு தரவில்லை என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அவள் வேலையில் இருந்ததே இல்லை. நீக்கினார்கள் என்றும் சொல்ல முடியாது.

எனக்குத் தீராத கேள்வி இதுதான். அவளும் நானும் அந்த ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டோம். துப்பாக்கி முனையில் யாரும் வாங்கவில்லை. இரண்டு வளர்ந்த மனிதர்கள் ஒரு உறவுக்கு ஒரு பெயரை வைத்து, இருவரும் ஒத்துக்கொண்ட பிறகு, அந்தப் பெயர் பொய் என்று மூன்றாவதாக ஒருவர் சொல்ல முடியுமா?

முடியும் என்றுதான் நம் நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. அதுவும் லேப்டாப் காலத்துக்கு ரொம்ப முன்னால். 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் முன் சௌராஷ்டிரத்து உப்பளக்காரர்கள் நின்றார்கள். அகாரியாக்கள் என்று பெயர். அவர்களுக்கு வேலை நேரம் கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது. குடும்பத்தோடு பாத்தியில் இறங்குவார்கள், தேவைப்பட்டால் தாங்களே கூலிக்கு ஆள் வைத்துக்கொள்வார்கள். விளைந்த உப்புக்கு எடை போட்டுக் காசு. கம்பெனி இவர்களை ஒப்பந்ததாரர்கள் என்றது. நீதிமன்றம் இவர்கள் தொழிலாளிகள்தான் என்றது. பாத்தி போடுவதில் தொடங்கி உப்பு விளைவது வரை கம்பெனி மேற்பார்வை செய்தது. தரமில்லை என்று உப்பைத் தள்ளவும் கம்பெனியால் முடிந்தது.

1973இல் ஒரு தையல் கடை வழக்கு. தையற்காரர்களுக்கு பீஸ் ரேட், நேரக் கட்டுப்பாடு இல்லை, சிலர் துணியை வீட்டுக்கும் எடுத்துப் போவார்கள். ஆனால் கடையில் இருந்த தையல் மிஷின்கள் முதலாளியுடையவை. தைத்தது பிடிக்கவில்லை என்றால் பிரித்துத் திரும்பத் தைக்கச் சொல்லும் உரிமையும் அவருடையது. அது போதும், இவர்கள் அவருடைய ஆட்கள்தான் என்றது நீதிமன்றம். 1985இல் பீடி சுற்றும் பெண்கள். கம்பெனி வாசலையே மிதிக்காமல் வீட்டிலிருந்து சுற்றிக் கொடுப்பவர்கள், இடையில் காண்ட்ராக்டர் வேறு. அவர்களுக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டு என்று தீர்ப்பானது. அங்கேயும் அதே காரணம்: சரியில்லாத பீடியைக் கழித்துக்கட்டும் உரிமை யார் கையில் இருக்கிறதோ, கடிவாளமும் அவர் கையில்தான்.

உப்பு, சட்டை, பீடி. மூன்றிலும் தள்ளும் உரிமைதான் அடையாளம். இந்த இடத்தில் எனக்கு 'ரீவொர்க்' என்ற சொல் ஞாபகம் வந்தது. மாதம் எத்தனை ஃபைல்கள் சிவப்புக் குறிப்புகளோடு திரும்பி வருகின்றன, அதற்குத் தனியாக எத்தனை பைசா தருகிறார்கள் என்று யோசித்தேன்.

ஆலங்குளம் பக்கத்தில் என் பெரியம்மா நாற்பது வருடமாக பீடி சுற்றுகிறாள். மடியில் சொளகு, கையில் கத்தரி, திண்ணையில் சாய்ந்தபடி டிவி நாடகம். கத்தரியும் சொளகும் அவளுடையவை. இலை, தூள், நூல் கம்பெனியுடையவை. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அவள் கேட்டாள்: "ஏட்டி, ஒங்க கம்பெனில பி.எப். போடுதானா?" இல்லை பெரியம்மா, நான் ஃப்ரீலான்சர் என்றேன். "அப்படின்னா?" யாருக்கும் கட்டுப்படாம வேலை செய்றது என்று விளக்கினேன். அவள் கத்தரியை நிறுத்தாமல் சொன்னாள்: "நேத்து ராத்திரி ஒரு மணிக்கு யாருக்கு பயந்து முழிச்சிருந்த?"

பெரியம்மாவின் பாஸ்புக்கில் ஏறியிருக்கும் தொகை பெரிசில்லை. அவளுடைய கூலி பெரிசாக இருந்தால்தானே அது பெரிசாகும். ஆனாலும் தன்னிடம் வேலை வாங்குகிற ஒரு கம்பெனி தன் முதுமைக்கும் கொஞ்சம் பொறுப்பு என்பது அவளுக்குச் சாதாரண விஷயம். யாரோ கோர்ட் படி ஏறியதால் அது சாதாரணமானது. எம்.ஏ. படித்த எனக்கு அது சலுகை போலத் தெரிகிறது.

'ஃப்ரீலான்ஸ்' என்ற சொல்லை 1819இல் வெளிவந்த 'ஐவன்ஹோ' நாவலில் வால்டர் ஸ்காட் பயன்படுத்தினார். எந்தப் பிரபுவுக்கும் விசுவாசப் பிரமாணம் செய்யாத கூலிப்படை வீரனைக் குறித்த சொல் அது. ஈட்டி அவனுடையது. ஒரு பிரபு பிடிக்கவில்லை என்றால் இன்னொரு பிரபுவிடம் போவான், அவன் போனால் பிரபுவுக்குத்தான் நடுக்கம். என் ஈட்டியும் என்னுடையதுதான், தவணையில் வாங்கியது. போவதற்கு வேறு பிரபு இருக்கக்கூடாது என்று ஷரத்து போட்டிருக்கிறார்கள்.

இது நம்மூர்ப் பிரச்சினை மட்டுமில்லை. 2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்களின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கட்டணத்தை நிர்ணயிப்பது ஊபர், ஒப்பந்தத்தை எழுதுவது ஊபர், சவாரியை மறுத்தால் எச்சரிப்பது ஊபர். ஆகவே காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் ஓட்டுநர்கள் தொழிலாளர்களுக்கான உரிமை உடையவர்கள். அந்தத் தீர்ப்பின் அடியில் ஓடும் நியாயம்தான் என் கேள்விக்கு நான் கண்ட நல்ல பதில். பலவீனமானவரைக் காப்பாற்றத்தான் தொழிலாளர் சட்டமே வந்தது. பேரத்தில் பலமானவர் எழுதும் காகிதமே அந்தச் சட்டம் பொருந்துமா என்பதைத் தீர்மானிக்கும் என்றால், சட்டம் எதற்கு? என் கையெழுத்து நான் படித்தேன் என்பதற்குச் சாட்சி. எனக்கு வேறு வழி இருந்தது என்பதற்கு அது சாட்சியாகாது.

அதே பிரிட்டனில் இதன் மறுபக்கத்தையும் பார்க்கலாம். ஐஆர்35 என்று அழைக்கப்படும் வரி விதி அங்கே 2000இல் வந்தது. சொந்தமாக ஒரு சிறு கம்பெனி தொடங்கி அதன் பெயரில் பில் போடுகிறவர், உண்மையில் ஊழியர் போலத்தான் வேலை செய்கிறார் என்றால் ஊழியரைப் போல வரி கட்ட வேண்டும். 2021 ஏப்ரலில் இருந்து அந்த முடிவை எடுக்கும் பொறுப்பு நடுத்தர, பெரிய தனியார் நிறுவனங்களின் தலைமேல் விழுந்தது. வம்பு எதற்கு என்று பல நிறுவனங்கள் இப்படிப்பட்ட ஒப்பந்தங்களையே நிறுத்தின. உண்மையிலேயே சுதந்திரமாக இருந்தவர்களும் அதில் அடிபட்டார்கள். இதில் ஒரு விசித்திரம் உண்டு. வரிக்கு ஊழியர் என்று அறிவிக்கப்பட்டவருக்கு அதனாலேயே விடுப்பு உரிமையோ நோய்க்கால ஊதியமோ வந்துவிடாது. நீ வேலைக்காரன்தானா என்று அரசு கேட்கிறது. தனக்கு வர வேண்டிய பணத்துக்காகக் கேட்டால் ஆமாம், அவருக்குப் போக வேண்டியதற்காக என்றால் அது வேறு வழக்கு.

எல்லாரையும் பிடித்துப் படிவம் 16க்குள் போடச் சொல்லவில்லை நான். ஐந்து வாடிக்கையாளர்கள், தன் விலையைத் தானே சொல்லும் தைரியம், வேண்டாத வேலையை மறுக்கும் வசதி இவையெல்லாம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அலுவலகத்துக்குத் திரும்ப மாட்டார்கள், திரும்பவும் வேண்டாம். கைக்குழந்தையோடு மூன்று மணி நேர வேலையைத் தேடி எடுத்துக்கொண்ட பெண்களையும் தெரியும். அவர்களின் 'சுயேச்சை' பொய்யில்லை. பொய்யான சுயேச்சையும் மெய்யான சுயேச்சையும் ஒரே காகிதத்தை நீட்டுகின்றன என்பதுதான் சிக்கல்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நோய், பிரசவம், முதுமை இவை ஒப்பந்தத்தில் ஒரு வரியை அடித்துவிட்டால் மறைந்துபோவதில்லை. நிறுவனத்தின் கணக்கிலிருந்து கிளம்பி ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. என் தோழியின் 26 வாரத்துக்கான செலவை யாரோ செய்தார்கள். அவள் அம்மா செய்தாள். 44ஏடிஏ விட்டுக்கொடுக்கும் வரியை இதற்கு ஈடாக நினைக்கிறவர்கள் உண்டு. அந்தச் சலுகை நிறையச் சம்பாதிக்கிறவருக்கு நிறைய உதவுகிறது. மாதம் முப்பதாயிரம் வாங்குகிறவருக்கு எப்படிப் பார்த்தாலும் வருமான வரி கிடையாது. அவருக்கு அதில் மிச்சம் ஒன்றுமில்லை, இழப்பு மட்டும் முழுசாக.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 'கிக்' தொழிலாளர் என்ற பெயரை முதல்முறையாகத் தேசிய அளவில் சட்டத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது. செயலி நிறுவனங்கள் தங்கள் ஆண்டு வருவாயில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டிலும் 2023இல் இவர்களுக்கென்று ஒரு நலவாரியம் வந்தது. 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் முதற்கொண்டு நமக்குப் பழக்கமான வழி அது. ஒரே முதலாளி என்று யாரையும் சுட்ட முடியாத இடத்தில், அந்தத் தொழிலிடமிருந்து வாங்கி அந்தத் தொழிலாளிக்குச் சேர்ப்பது. பாதுகாப்பை முதலாளியின் பெயரோடு கட்டாமல் உழைக்கும் ஆளோடு கட்டினால், ஊழியரா ஒப்பந்ததாரரா என்ற சண்டையில் பாதி தேவையற்றுப் போகும் என்று நினைக்கிறேன். ஆனால் ஒரே நிறுவனத்துக்கு நேரடியாக, பத்திலிருந்து ஏழு மணி வரை இன்வாய்ஸ் போட்டு வேலை செய்கிற என் போன்றவர்களுக்கு இந்த ஏற்பாடும் எட்டவில்லை. எங்களுக்கு இன்னும் அந்தப் பழைய உப்பள வழக்குதான் கதி.

சட்டம் எட்டும்வரை என்ன செய்வது? இதைப் படிக்கிறவர்களில் பலர் இன்வாய்ஸ் அனுப்புகிறவர்கள். சிலர் வாங்குகிறவர்களும்கூட. பாட்காஸ்ட்டுக்கு எடிட்டர், அட்டைப்படத்துக்கு ஓவியர், சின்ன நிறுவனத்துக்கு ஒரு டிசைனர் என்று நாமும் ஆள் வைக்கிறோம். நமக்குக் கிராஜுவிட்டி கொடுக்க வசதி இருக்காது. அந்த ஆளை என்ன பெயரில் அழைக்கிறோம் என்பதிலாவது நேர்மையாக இருக்கலாம். அடுத்த ஒப்பந்தத்தை நிரப்பும்போது ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். இவர் ஒரு வேலையை 'முடியாது' என்று சொன்னால், அடுத்த மாதமும் இவரைக் கூப்பிடுவேனா? மாட்டேன் என்றால், அவரைச் சுயேச்சையானவர் என்று எழுதுவதற்கு முன்னால் கொஞ்சம் நிறுத்துங்கள். அவருக்குக் காய்ச்சல் வந்தால் யார் செலவு செய்வார்கள் என்ற வரியை முதலில் பேசி எழுதுங்கள்.