விடியும் முன்னே வாசலுக்கு வந்த செய்தி

2 இராஜாக்கள் 7-ம் அதிகாரத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தச் செய்தியை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சமாரியா பட்டணத்தைச் சீரியருடைய சேனை வளைத்துக்கொண்டது. உள்ளே கொடிய பஞ்சம். ஒரு கழுதைத்தலை 80 வெள்ளிக்காசுக்கு விற்றதாக வேதம் சொல்கிறது. பட்டண வாசலுக்கு வெளியே நான்கு குஷ்டரோகிகள் இருந்தார்கள். உள்ளே போனாலும் சாவு, இங்கே இருந்தாலும் சாவு, எதிரியின் பாளயத்துக்குத்தான் போய்ப் பார்ப்போமே என்று பொழுது சாய்ந்த வேளையில் கிளம்பினார்கள். போய்ப் பார்த்தால் பாளயம் காலி! கர்த்தர் கேட்கப்பண்ணின ஒரு இரைச்சலுக்குப் பயந்து சேனை முழுவதும் ஓடிப்போயிருந்தது. நான்கு பேரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். வெள்ளியையும் பொன்னையும் கொண்டுபோய் ஒளித்து வைத்தார்கள். அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. உள்ளே ஜனம் பட்டினியாய்ச் சாகும்போது, விடியட்டும் பார்க்கலாம் என்று நாம் சும்மா இருந்தால் அந்தக் குற்றம் நம் தலைமேல் வருமே! உடனே எழுந்து, ராத்திரியிலேயே வாசல் காக்கிறவனைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

இந்த அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் நம் கொடுமுடியில் நான் பேப்பர் போட்ட நாட்கள் எனக்கு ஞாபகம் வரும். 1993-ல் எனக்குப் பதின்மூன்று வயது. விடியற்காலம் நான்கு மணிக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். ஈரோட்டுப் பக்கமிருந்து வருகிற பஸ்ஸில் கட்டு வந்து இறங்கும். சணலை அறுத்து, எண்ணி, இணைப்பு சொருகி, தினத்தந்தி இத்தனை, தினமலர் இத்தனை, தினமணி இத்தனை என்று அடுக்கி, சைக்கிள் கேரியரில் கட்டினால் கையெல்லாம் மை. மார்கழி மாதத்தில் காவிரிக் காற்று எலும்புக்குள் போகும். என் லைனில் அறுபது வீடு. வேதாகமக் கல்லூரிக்கு அனுப்புவதற்கு முன்னாலேயே கர்த்தர் என்னை அந்த சைக்கிள்மேல் உட்காரவைத்து மூன்று பாடங்களைச் சொல்லிக் கொடுத்தார்.

1. செய்தி நம்முடையது அல்ல

பேப்பர் போடுகிறவன் செய்தியை எழுதுகிறவன் அல்ல, திருத்துகிறவனும் அல்ல. ஆளுங்கட்சிக்காரர் வீட்டிலும் அதே பேப்பர்தான், எதிர்க்கட்சிக்காரர் வீட்டிலும் அதே பேப்பர்தான். ஒரு வீட்டுக்கு அது கல்யாணச் சேதி, ஒரு வீட்டுக்கு இழவுச் சேதி. இவருக்கு இந்தப் பக்கம் பிடிக்காது என்று ஒரு தாளை உருவிவிட்டுப் போட எனக்கு அதிகாரம் இல்லை.

அருமையான ஊழியக்காரரே, விசுவாசியே, இன்றைக்கு என்ன நடக்கிறது? ஆசீர்வாதப் பக்கத்தை மட்டும் வாசலில் போட்டுவிட்டு, மனந்திரும்புதல் பக்கத்தை உருவிக்கொள்கிறோம். கேட்கிறவர்கள் மனம் நோகக்கூடாதாம்! எசேக்கியேல் 3-ம் அதிகாரத்தில் காவற்காரனுக்குக் கர்த்தர் சொன்னதை வாசித்துப் பாருங்கள். எச்சரிக்காமல் விட்டால் இரத்தப்பழி யார் கையில் கேட்கப்படும்? முழுச் செய்தியையும் கொடுப்பதே நம் வேலை.

2. செய்திக்கு ஒரு வேளை உண்டு

ஆறு மணிப் பேப்பர் ஒன்பது மணிக்குப் போனால் வாங்குகிறவர் வாங்கமாட்டார். காலையில் கை நீட்டி வாங்கின தாள் சாயங்காலம் கடலை மடிக்கப் போய்விடும்.

நம்முடைய முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்களும் சிறுவயதில் பேப்பர் போட்டவர்தான். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் இராமேஸ்வரத்தில் ரயில் நிற்பது ரத்தாகிவிட்டது. இராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே ஓடுகிற ரயிலிலிருந்து பத்திரிகைக் கட்டுகளைத் தூக்கி எறிவார்களாம். அங்கே பத்திரிகை விநியோகம் செய்துவந்தவர் அவருடைய உறவினர் சம்சுதீன். அவருக்கு உதவியாக அந்தக் கட்டுகளைப் பிடித்துச் சேர்த்த சிறுவன்தான் 2002-ல் இந்தியாவின் குடியரசுத் தலைவரானார். ரயில் நிற்கவில்லை, ஆனாலும் செய்தி நிற்கவில்லை! சமயம் வாய்த்தாலும் வாய்க்காவிட்டாலும் வசனத்தைச் சொல்லும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினாரே, அது இதுதான். லீவு கிடைக்கட்டும், பிள்ளைகள் படிப்பு முடியட்டும், ரிட்டையர் ஆகட்டும் என்று தள்ளிப்போடுகிற தேவபிள்ளையே, ஓடுகிற ரயிலிலிருந்து விழுகிற கட்டை நீ பிடிப்பாயா?

3. செய்திக்குச் சந்தா இல்லை

அந்த நாட்களில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் பேப்பரில்தான் வரும். பக்கம் பக்கமாய் வெறும் நம்பர். அப்படி ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் கூலிவேலை செய்கிற ஒருவர் எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். ராத்திரியெல்லாம் அங்கேயேதான் இருந்தாராம். அவர் தெருவில் ஒருவரும் பேப்பர் வாங்குவதில்லை. எந்தப் பையனுடைய லைனும் அந்தப் பக்கம் போகாது. கையில் ஒரு அட்டைத்துண்டு. அதில் மகளுடைய நம்பர். “ஏங் கண்ணு, எனக்குப் படிக்கத் தெரியாது. இந்த நெம்பரு இருக்குதான்னு பாத்துச் சொல்லு சாமி” என்றார். நான் ஏஜெண்ட் முகத்தைப் பார்த்தேன். “கட்டைப் பிரிச்சுப் பாத்துச் சொல்லுடா. அது அவரோட சேதி” என்றார் ஏஜெண்ட்.

பார்த்தேன். இருந்தது. “இருக்குதுங்க! பாஸுங்க!” என்றேன். “எங்கே?” என்று கேட்டு, நான் காட்டின இடத்தில் விரலை வைத்து அப்படியே நின்றார். கண்ணீர் பேப்பரில் விழுந்தது. அப்புறம் செருப்பைக்கூட மாட்டாமல் வீட்டைப் பார்த்து ஓடினார். வாங்கின செய்தியைக் கொண்டுபோகிற ஓட்டம் அது! சந்தா கட்டின அறுபது வீட்டாரையும்விட அன்றைக்கு அந்தச் செய்தி அவருக்குத்தான் அதிகம் சொந்தம்.

தேவ ஜனமே, ஏசாயா 55-ல் கர்த்தர் பணமில்லாதவனைத்தானே கூப்பிடுகிறார்? நம் ஊர்க்காரருக்கு இது நன்றாய் விளங்கும். காலிங்கராயன் வாய்க்கால் பவானியில் புறப்பட்டு வளைந்து வளைந்து வந்து நம் கொடுமுடிக்குப் பக்கத்தில் ஆவுடையார்பாறையில் முடிகிறது. தலைமடையில் தண்ணீர் நிறைந்து ஓடினால் போதுமா? கடைமடை நனைய வேண்டாமா? நம் சபையின் லைன் எந்தத் தெருவோடு நின்றுபோகிறது? நம் ஜாதி, நம் சொந்தம், நமக்கு டீ கொடுக்கிற வீடு, இவ்வளவோடு நின்றுபோகிறதா? சமாரியாவுக்கு நற்செய்தி கொண்டுவந்தவர்கள் யார்? வாசலுக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள்! அவர்களைக் கொண்டே கர்த்தர் ஊரைப் பிழைக்கப்பண்ணினார்.

நமக்கும் யாரோ கொண்டுவந்துதானே கிடைத்தது? சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து தமிழ் எழுத்துப் படித்தார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-ல் அச்சாகி முடிந்தது. நம் வாசலுக்கு அது வந்து சேர எத்தனை பேர் நடந்தார்களோ!

ஒரு எச்சரிப்பும் உண்டு. அந்தக் குஷ்டரோகிகள் முதலில் தாங்கள் சாப்பிட்டார்கள், பிறகுதான் சொல்லப் போனார்கள். ராஜாவின் பிரதானி ஒருவனோ தீர்க்கதரிசி சொன்னதை நம்பவில்லை. நிறைவைக் கண்ணால் கண்டும் ருசிபார்க்காமல் வாசலிலேயே மிதிபட்டுச் செத்தான். ஊரெல்லாம் பேப்பர் போட்டுவிட்டு ஒரு வரிகூடப் படிக்காத பையனைப்போல நாம் இருக்கலாகாது.

இப்போது பேப்பர் வாங்குகிற வீடுகள் குறைந்துவிட்டன. ரிசல்ட்டும் செல்போனிலேயே வருகிறது. ஆனால் ஜீவபுஸ்தகத்தில் தன் பேர் இருக்கிறதா என்று தெரியாமல் இருட்டில் நிற்கிறவர்கள் குறையவில்லை. இந்த மாதம் ஒவ்வொரு விசுவாசியும் இதுவரை போகாத ஒரு தெருவை ஜெபத்தோடு தெரிந்துகொள்ளுங்கள். ஒரே ஒரு கதவையாவது தட்டுங்கள். வியாதியாய்ப் படுத்திருப்பவரிடம் பத்து நிமிஷம் உட்காருங்கள். படிக்கத் தெரியாதவருக்கு ஒரு அதிகாரம் வாசித்துக் காட்டுங்கள்.

ஜெபிப்போம்: எங்கள் பரலோகப் பிதாவே, எங்களுக்கு இலவசமாய்க் கிடைத்ததை ஒளித்து வைக்காதபடி எங்களை எழுப்பும். பொழுது விடியுமுன்னே எங்கள் கால்களை நடத்தும். எங்கள் ஊரின் கடைசி வீடும் உம்முடைய செய்தியைக் கேட்கட்டும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே. ஆமென். அல்லேலூயா!