பேர் சொல்லி ஜெபித்த அம்மா

ஒருவருக்காக ஜெபித்துவிட்டால் நம் கடமை முடிந்துவிடுகிறதா, அங்கிருந்துதான் தொடங்குகிறதா? அம்மா காலமான பிறகு என்னை விடாமல் பிடித்திருக்கும் கேள்வி இது. விசுவாசத்தைப் பற்றி அவள் எங்களுக்கு நீளமாக எதுவும் சொன்னதில்லை. அவள் வாழ்ந்த விதத்திலேயே இந்தக் கேள்விக்குப் பதில் இருப்பதாக நினைக்கிறேன்.

அம்மா பாளையங்கோட்டை சாராள் தக்கர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படித்தவள். அந்தப் பெயருக்குரிய இங்கிலாந்துப் பெண்மணி இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சென்னையில் மிஷனரியாக இருந்த சகோதரர் மூலம் இங்குள்ள பெண்பிள்ளைகளின் நிலையை அறிந்து, அவர்கள் படிப்புக்காக அக்கறைப்பட்டவர். அவர் நினைவாகத் தோன்றிய பள்ளியின் வழியில் 1895-ல் கல்லூரியும் வந்தது. "கண்ணால பாக்காத பிள்ளைகளுக்காக ஒருத்தி இவ்வளவு நெனச்சிருக்கா, கண்ணெதிரே உக்காந்திருக்கிற பிள்ளைய நாம விடலாமா?" என்பாள் அம்மா.

உடன்குடிப் பக்கம், தேரிக்காட்டை ஒட்டிய ஊரில், சபை நடத்திய ஆரம்பப் பள்ளியில் அவளுக்கு வேலை. இரவு குடும்ப ஜெபத்தில் ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், பிறகு அம்மாவின் ஜெபம். சொந்தக்காரர்களின் பேர்கள் முடிந்ததும் வகுப்புப் பிள்ளைகளின் பேர்கள் வரும். வருகைப் பதிவேட்டில் இருக்கும் அதே வரிசை. சாமுவேல்களும் சுடலைமுத்துகளும் பாத்திமாக்களும் அதில் அடுத்தடுத்து வருவார்கள். வகுப்பறையில் அவள் பிரசங்கம் செய்ததே கிடையாது. பிள்ளைகளைப் பற்றிக் கர்த்தரிடம் பேசுவதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

ஏதாவது ஒரு பேரில் அவள் குரல் தயங்கினால், மறுநாள் சாயங்காலம் எங்கே போவாள் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். பதனீர்க் காலத்தில் பனையேறிக் குடும்பங்கள் பனைவிளைகளுக்குப் போய்த் தங்கிவிடும். விடிலி என்னும் குடிசையில் பதனீர் காய்ச்சும் தாய்க்கு ஓலையும் சுள்ளியும் பொறுக்கித்தர ஆள் வேண்டுமென்பதால் பிள்ளையின் படிப்பு நின்றுபோகும். பள்ளி விட்டதும் அம்மா செம்மணலில் கால் புதையப் புதைய நடந்து அங்கே போவாள். கோபப்பட மாட்டாள். கருப்பட்டிப் பாகான கூப்பனி பதத்துக்கு வந்து சிரட்டைகளில் ஊற்றி முடிக்கும்வரை அந்தத் தாயோடு உட்கார்ந்திருப்பாள். ஒரு சிறுவனின் கை உதவி அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிது என்பது அவளுக்குத் தெரியும். "பகல்ல மட்டும் அனுப்பும்மா. மத்தியானச் சாப்பாடு பள்ளிக்கூடத்திலேயே உண்டு. சாயங்காலம் ஒனக்குத் தொணையா வந்துருவான்" என்பாள். 1956-ல் காமராஜர் தொடங்கிவைத்த மதிய உணவை நம்பித்தான் அவளால் அந்த வாக்கைக் கொடுக்க முடிந்தது.

எல்லாப் பிள்ளைகளும் திரும்பவில்லை. படிப்பை விட்டுப் போன ஒரு பெண்ணின் பேரைப் பல ஆண்டுகள் கழித்தும் அம்மா ஜெபத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "அவளுக்கு நான் ஒண்ணும் செஞ்சு முடிக்கலியே" என்றாள். பலன் தெரியாததால் அவள் கடவுளைக் குறை சொல்லவில்லை. தன்னை விடுவித்துக்கொள்ளவும் இல்லை.

பசியோடும் குளிரோடும் நிற்பவருக்கு நல்வாக்கு மட்டும் சொல்லி அனுப்புவதால் என்ன பயன் என்று யாக்கோபின் நிருபம் கேட்கிறது. "ஜெபித்துக்கொள்கிறேன்" என்று நாம் போனில் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிற இந்நாட்களில் அந்தக் கேள்வி நேரே நம்மைப் பார்த்துக் கேட்கப்படுவது போலிருக்கிறது. அம்மாவுக்கு ஜெபம் என்பது ஒரு பிள்ளையைப் பொறுப்பேற்கும் நேரம். பேரைச் சொன்ன பிறகு அந்தப் பிள்ளை வேறு யாரோ ஆகிவிட முடியாது.

அப்படியானால், எழுந்து நடக்க முடியாதவர்களின் ஜெபம் குறைவானதா? கடைசி நாட்களில் அம்மா படுக்கையில்தான் இருந்தாள். அப்போதும் பேர்கள் நிற்கவில்லை. ஜெபம் முடிந்ததும் எங்களில் ஒருவரைக் கூப்பிட்டு, "அந்த வீட்டுக்குப் போய் என்னன்னு பாத்துட்டு வா" என்று அனுப்பினாள். தன்னால் முடிந்ததைத் தான் செய்தாள். முடியாததைச் செய்ய எங்களைப் பழக்கினாள்.

எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் இப்போதும் உண்டு. ஒரு பேரைச் சொன்னால், அந்த வீட்டுக்கு நாளைக்கு யார் போவது என்பதையும் முடிவு செய்துவிட்டே ஆமென் சொல்கிறோம்.