வழிகாட்டியின் சாட்சியம்

பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவைக் காணுமாறு திருமறை நம்மைப் பணிக்கிறது. ஆனால் காட்டுபவர் கூலி பெற்ற வழிகாட்டியாயின், நாம் காண்பது முழு உண்மையாகுமா?

அல்பேனியத் தலைநகர் டிரானாவைச் சுற்றிப்பார்க்கச் செல்வோர்க்கு எத்ஹெம் பே பள்ளிவாசல் காட்டப்படுகிறது. 1967-இல் கம்யூனிச அரசு மதங்களைத் தடைசெய்து வணக்கத்தலங்களை மூடியது. 1991 ஜனவரி 18 அன்று, அரசின் எதிர்ப்பையும் மீறி ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் இப்பள்ளியினுள் நுழைந்தனர். இவ்வீரத்தை உரைப்பது எளிது. தடைவிதித்த என்வர் ஹோஜாவும் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவரே. அதனையும் சொல்பவரே சாட்சி, மறைப்பவர் வணிகர்.

இவ்வளவுகோல் நமக்கும் உரியதே. கிருஷ்ணகிரி மலைக்கோட்டையில் பிள்ளைகளுடன் ஏறும் தந்தையும் ஒரு வழிகாட்டியன்றோ? 1791-இல் ஆங்கிலேயரின் தாக்குதலை அக்கோட்டை முறியடித்ததைச் சொல்கிறோம். மராத்தியர் சூறையாடிய சிருங்கேரி மடத்துக்குத் திப்பு சுல்தான் உதவியதையும் சொல்கிறோம். 1784-இல் மங்களூர்ப் பகுதிக் கிறிஸ்தவர்களை அவர் சிறைப்பிடித்துச் சென்றதைச் சொல்கிறோமா?

தமக்கும் பெற்றோருக்கும் பாதகமாயினும் நீதியின் சாட்சிகளாய் நிற்குமாறு அன்னிஸா அத்தியாயம் ஆணையிடுகிறது. கூலி வாங்காத தந்தை மறைப்பானேன்? பாசத்தினால் என்பாராயின், பாசமும் ஒருவகைக் கூலியே. அதனைப் பெற்றுக்கொண்டு பிள்ளைகளுக்குப் பாதி உண்மையைக் கொடுத்தல் ஆகாது.