காற்றை அறியும் முகம்



கரையோரப் பங்குகளில் விடியுமுன் காணும் காட்சி ஒன்று உண்டு. வயது முதிர்ந்த மீனவர் ஒருவர் கரையில் வந்து சற்று நேரம் பேசாமல் நிற்பார். வீசுவது சோளகமா, கொண்டலா, வாடை எழப் போகின்றதா என்பதைத் தம் முகத்தில் படும் காற்றைக் கொண்டே சொல்லிவிடுவார். பக்கத்தில் நிற்கும் நமக்கோ எல்லாம் ஒரே காற்றுத்தான். இது அவருக்குப் பிறப்பில் வந்த வரமன்று. நாள்தோறும் கரையில் நின்று பல்லாண்டுகளாகக் கற்ற பாடம்.

இரவிலே தம்மைத் தேடிவந்த நிக்கோதேமுவிடம் பரிசுத்த ஆவியின் செயலை நம் ஆண்டவர் காற்றுக்கே ஒப்பிட்டுப் பேசினார். அந்தக் காற்று நம் இல்லங்களிலும் வீசுகின்றது. அதை உணரும் முகம் நமக்கு உண்டா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தை என்னிடம் வந்தார். இருந்த ஒரே காணியை ஈடு வைத்து மகனை வெளிநாட்டுக்கு அனுப்புவதா, விடுவதா என்பது அவருடைய கேள்வி. அந்தோனியார் சுரூபத்தின் முன் திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்த்ததாகச் சொன்னார்.

“என்ன வந்தது?” என்று கேட்டேன்.

“முதல் இரண்டு தரமும் ‘வேண்டாம்’ எண்டு வந்தது, சுவாமி. மூண்டாம் தரம்தான் ‘அனுப்பு’ எண்டு வந்தது.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். “மகனிடம் கேட்டீர்களா?” என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கேட்கவில்லை.

அவரைக் குறை கூற நான் யார்? நானும் அப்படிச் செபித்தவன்தான். முடிவை நாமே எழுதி வைத்துக்கொண்டு, கையொப்பம் மட்டும் இடும்படி ஆண்டவரிடம் நீட்டுகின்றோம். ‘உமது சித்தம்’ என்று நாவு சொல்லும். ‘என் விருப்பம்’ என்று நெஞ்சு சொல்லும். காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஏற்றுக்கொள்ள ஆயத்தமாய் இருப்பவனே அதன் திசையை அறிவான்.

இதைக் கற்றுக்கொள்ள முடியுமா? முடியும். 1521ஆம் ஆண்டு பம்பலோனாக் கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டினால் கால் முறிந்த இஞ்ஞாசியார், லொயோலாவில் தம் வீட்டிலே பல மாதங்கள் படுக்கையில் கிடந்தார். வீரக் கதைகள் கேட்டார். கிடைத்தவையோ கிறிஸ்துவின் சரித்திரமும் புனிதர் சரித்திரங்களுமே. போர்ப்புகழையும் உயர்குலப் பெண்ணொருத்தியையும் பற்றிக் கனவு காண்கையில் அவர் மனம் துள்ளியது. கனவு கலைந்ததும் வறண்டது. புனிதர்களைப் போல் வாழ எண்ணியபோதும் மகிழ்ந்தது. ஆனால் அந்த மகிழ்ச்சி எண்ணம் மறைந்த பின்னும் தங்கி நின்றது. இந்த வேறுபாட்டை அவர் கவனித்தார். எண்ணம் வரும்போது உள்ள இனிப்பை மட்டும் பாராமல், அது விட்டுச் செல்லும் சுவையையும் பார்க்கப் பழகினார்.

நமக்கு இன்னும் அண்மையானவர் புனித யோசப் வாஸ் அடிகளார். குருக்களின்றித் தவித்த இலங்கைக் கத்தோலிக்கருக்காக வர விரும்பினார். ஆனால் கோவாவிலிருந்த திருச்சபை அதிகாரிகள் 1681இல் அவரைக் கன்னடப் பகுதிக்கு அனுப்பினார்கள். நல்ல நோக்கத்துக்கே கதவு அடைபட்டது. அவர் முறுகி நிற்கவில்லை. அனுப்பிய இடத்தில் மனமார உழைத்தார். 1687இல், ஒல்லாந்தர் தடை விதித்திருந்த காலத்தில், ஏழையின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். 1711இல் கண்டியில் உயிர் துறக்கும்வரை இம்மண்ணை விட்டுப் போகவில்லை. 2015ஆம் ஆண்டு தை 14ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார். இறைவன் வழிகாட்டுவது திறந்த கதவினால் மட்டுமன்று; அடைபட்ட கதவினாலும், மேலதிகாரியின் சொல்லினாலும், எங்கோ தவிக்கும் மக்களின் தேவையினாலுந்தான்.

ஆகவே ஒரு சிறு பழக்கத்தைத் தொடங்குவோம். இரவில் குடும்பச் செபமாலை முடிந்ததும் உடனே எழுந்துவிடாமல் ஐந்து நிமிடம் மௌனமாயிருப்போம். இன்று எந்த எண்ணம் எனக்குச் சமாதானத்தை விட்டுச் சென்றது? எது கசப்பை விட்டுச் சென்றது? யாருடைய தேவை என் வாசலுக்கு வந்தது? நான் கேட்க விரும்பாத எந்தச் சொல்லை இன்று ஒருவர் எனக்குச் சொன்னார்? இவற்றைக் கேட்டுப் பார்ப்போம். கற்பனைகளை மீறும்படி தூண்டும் குரல் ஒருபோதும் ஆண்டவருடையதன்று. பெரிய காரியங்களில் தனித்து முடிவு செய்யாமல் பாவசங்கீர்த்தன குருவிடமும் வீட்டாரிடமும் ஆலோசிப்போம். சிறிய காரியங்களில் கேட்டுப் பழகாதவன், பெரிய காரியம் வரும் நாளில் திடீரெனக் கேட்டுவிட முடியாது.

அந்தத் தந்தை அன்று வீட்டுக்குப் போய் மகனை அருகில் இருத்தி, முதன்முறையாக அவனுடைய மனதைக் கேட்டார். அவர்கள் எடுத்த முடிவு அவர்களுக்குரியது. ஆனால் சீட்டுகளை அடுப்பில் போட்டுவிட்டதாகப் பின்பு என்னிடம் சொன்னார்.

நம் மடியிலும் அப்படிச் சில சீட்டுகள் இருக்கலாம். இன்றிரவே அவற்றைத் தேடி எடுப்போமா?