கண்டு சொன்னவருக்கே நட்டமா?

இந்தியாவில் இதுவரை எந்த மாட்டுக்கும் மேட் கவ் நோய் உறுதியானதில்லை. உலக விலங்கு சுகாதார அமைப்பு 2010-இல் நம் நாட்டை மிகக் குறைந்த அபாயப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெயர் நிலைக்க வேண்டுமானால் நோயைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். உயிருள்ள மாட்டில் இதை உறுதிசெய்ய வழியில்லை. செத்த மாட்டின் மூளைத்தண்டை எடுத்துத்தான் பார்க்க முடியும். ஆகவே ஆனேக்கல்லிலோ ஹொசகோட்டேயிலோ இரண்டு மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர், தள்ளாடி விழும் பசுவை மறைக்காமல் கால்நடை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 2009-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இதைக் கடமையாக்கியிருக்கிறது, மீறினால் அபராதம். சொன்னால் மாட்டை இழக்க நேரலாம்; அந்த நட்டம் யாருடையது?

பிரிட்டன் இதில் சறுக்கியது. அங்கே நோய் 1986-இல் தெரியவந்தது. மாட்டின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்து மாட்டுக்கே தீவனமாகப் போட்டதுதான் பரவக் காரணம். 1988-இல் அதைத் தடுத்தார்கள். நோய்கண்ட மாடுகளைக் கொல்லவும் உத்தரவிட்டார்கள். நோய் உறுதியானால் உரிமையாளருக்குப் பாதி விலைதான். முழு விலை 1990-இல்தான் வந்தது. பாதி விலை தருவது, 'சந்தையில் தள்ளிவிடு' என்று அரசே காதில் ஓதுவது போல. 1996 மார்ச்சில் மனித மரணங்களோடு நோய்க்குத் தொடர்பிருக்கலாம் என்று அரசு ஒப்புக்கொண்டது. மொத்தத்தில் அங்கே 170-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். (பால் வழியே பரவியதற்குச் சான்றில்லை, காபியை விட வேண்டியதில்லை.)

தீவனம் வாங்கியவர்தானே பொறுப்பு என்று கேட்கலாம். மூட்டைக்குள் பிண்ணாக்கோடு வேறென்ன அரைபட்டது என்பதை அவர் எப்படிப் பார்ப்பார்? கறவை மாட்டுக்கு இறைச்சி, எலும்புத் தூள் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு விதியும் சொல்கிறது. அதைச் சோதிக்க வேண்டியவர்கள் ஆலையும் அதிகாரியும். ஊருக்காக ஒருவர் மாட்டை இழந்தால், முழு விலையை ஊர்தான் கொடுக்க வேண்டும்.

விலை கொடுக்கும் இந்தக் கணக்கு மனிதரிடம் செல்லாது. இதே வகையில் மனிதருக்கு வரும் குரூட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோயிலும் மூளைத் திசுவைப் பார்த்துத்தான் முழு உறுதி கிடைக்கும். பெரும்பாலான நோயாளிகளுக்கு அது மாட்டால் வருவதில்லை என்றாலும், மாட்டால் வந்ததைப் பிரித்தறிய வேறு வழி குறைவு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில், இறந்தவர்களின் மூளையைத் தானமாகப் பெறும் மூளை வங்கி 1995 முதல் இருக்கிறது. ஆனால் துக்கத்தில் இருக்கும் குடும்பத்திடம் விலை பேசுவது இழிவு; சட்டத்தைக் காட்டி மிரட்டுவது அதைவிட இழிவு. கேட்கத்தான் முடியும். அவர்கள் மறுத்தால் காரணம் கேட்கக் கூடாது. சம்மதித்தால், உடலைத் தாமதமின்றி அவர்களிடம் திருப்பி ஒப்படைத்து, கண்டறிந்ததைக் கன்னடமோ தமிழோ அவர்கள் மொழியில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.