அவாவும் ஆற்றியிருத்தலும்

மனித வாழ்வில் பெரும்பகுதி எதிர்பார்ப்பிலேயே கழிகின்றது. வரவேண்டிய கடிதம், மாத முதலில் கைக்கு வரும் ஊதியம், கோடை விடுமுறையில் ஏறப்போகும் ரயில் என்று ஏதேனும் ஒன்றிற்காகக் காத்திருந்தே நாட்களைக் கடத்துகின்றோம். பிறந்த மண்ணை விட்டு வந்து வடபுலத்து நகரங்களில் குடியேறிய நமக்கு இதனை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும், காத்திருத்தல் நன்றா தீதா என்று நாம் சற்றே நின்று எண்ணிப் பார்த்ததுண்டா?

பண்டைத் தமிழர் எண்ணிப் பார்த்தனர். ஐந்திணை வகுத்த சான்றோர் முல்லைத் திணைக்கு ‘இருத்தல்’ என்பதையே உரிப்பொருளாக வைத்தனர். கார்காலத்தில் திரும்புவேன் என்று சொல்லிச் சென்ற தலைவனுக்காகத் தலைவி ஆற்றியிருத்தல் அவர்கள் நோக்கில் ஓர் ஒழுக்கம். வள்ளுவரோ அறத்துப்பாலில் ‘அவாவறுத்தல்’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். காமத்துப்பாலில், பிரிந்தவரைக் காணத் துடிக்கும் உள்ளத்திற்கு ‘அவர்வயின் விதும்பல்’ என்று மற்றோர் அதிகாரத்தை அளித்தார். ஓர் ஆசையை அறுக்கச் சொன்ன பெருமகனே மற்றோர் ஏக்கத்தை ஏற்றுப் பாடினார். இவ்விரண்டிற்கும் இடையே ஓடும் எல்லைக் கோடு எது? இக்கேள்வியை என்னுள் எழுப்பியது ஏடன்று. கைக்குள் அடங்கும் ஒரு காமிரா.

2010 செப்டம்பரில் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடைபெற்ற ‘ஃபோட்டோகினா’ கண்காட்சியை ஒட்டி, ஜப்பானிய நிறுவனமாகிய ஃபியூஜிஃபிலிம் ‘எக்ஸ்100’ என்னும் சிறிய டிஜிட்டல் காமிராவை அறிவித்தது. தொலைவில் நின்று பார்ப்பவர் அதனை 1960-களில் செய்த பிலிம் காமிரா என்றே மயங்குவர். மேலும் கீழும் வெள்ளி நிற உலோகம்; நடுவில் தோல் போன்ற கரிய உறை; தலைப்பகுதியில் ஷட்டரின் வேகத்தைக் குறிக்கும் எண்கள் பொறித்த திருகுவட்டு; லென்சைச் சுற்றி, ஒளி புகும் துளையைப் பெருக்கவும் சுருக்கவும் ஒரு வளையம்; மூலையில் கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு சாளரம். உள்ளேயோ பிலிம் இல்லை. 1 கோடியே 23 லட்சம் புள்ளிகளால் படத்தைப் பதியும் மின்னணுத் தகடு இருந்தது. தொலைவிலுள்ள பொருளை அருகில் இழுத்துக் காட்டும் ஆற்றல் அதன் லென்சுக்கு இல்லை. ஒருவர் முகம் பெரிதாக விழ வேண்டுமாயின், படமெடுப்பவர் நாலடி முன்னே நடந்து செல்ல வேண்டும்.

அறிவிப்புக்கும் விற்பனைக்கும் இடையே ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஓடின. அமெரிக்காவில் அதன் விலை ஏறத்தாழ 1,200 டாலர். அவ்வாறிருந்தும், படக்கலையில் ஈடுபாடு கொண்டோர் பல நாடுகளில் அதன் வருகைக்காக நாள் எண்ணினர். அவருள் நானும் ஒருவன். ஐம்பது வயதை எட்டியவன், அலுவலகத்தில் இளைஞர்க்குச் சிக்கனம் போதிப்பவன், இரவு உணவுக்குப் பின் அக்காமிராவின் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் கொண்டிருப்பேன். “இருக்கிற காமிரா போதாதா?” என்று மனைவி கேட்டாள். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

புதுமைக்குப் பழமையின் உடை எதற்கு? இது வெறும் வேடம் அன்றோ என்று கேட்பார் உளர். கேள்வியில் நியாயம் உண்டு. அதைச் செய்த நிறுவனம் 1934-இல் பிலிம் செய்வதற்காகவே தொடங்கப் பெற்றது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி உச்சத்தில் இருந்த உலகப் பிலிம் விற்பனை, அடுத்த பத்தாண்டுகளில் பத்தில் ஒரு பங்கிற்கும் கீழே சரிந்தது. அத்தொழிலின் மற்றொரு பேரரசாகிய கோடக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. ஃபியூஜி நிறுவனமோ பிற தொழில்களில் கால் ஊன்றிப் பிழைத்தது. தன் பழைய பிலிம்களின் பெயர்களாகிய ப்ரோவியா, வெல்வியா, ஆஸ்டியா என்பவற்றையே இப்புதிய காமிராவின் வண்ண முறைகளுக்குச் சூட்டியது. பிலிம் மறைந்தது, பெயர் எஞ்சியது.

எனினும், வடிவம் முழுவதும் பொய் என்று தள்ளிவிடவும் மனம் ஒப்பவில்லை. வடிவம் கைக்கு ஒரு பாடம் சொல்லித் தருகின்றது. வட்டும் வளையமும் வெளியே இருக்கும் கருவியில், எவ்வளவு ஒளி, எவ்வளவு நேரம் என்பதைப் படமெடுக்குமுன் எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. நடந்து சென்று அருகில் நிற்க வேண்டிய லென்ஸ், எதிரே இருப்பவரோடு இரண்டு சொல் பேசவும் வைக்கின்றது. நம் வீட்டு வாசலை எண்ணிப் பாருங்கள். மூன்றாம் மாடிக் குடியிருப்பின் கதவருகே நம் பெண்டிர் இன்றும் கோலம் இடுகின்றனர். சில வீடுகளில் அது அச்சிட்டு ஒட்டிய கோலமாக மாறிவிட்டது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றே. ஆனால், காலையில் குனிந்து புள்ளி வைத்த கையின் அமைதி ஒட்டிய கோலத்தில் இல்லை. வடிவத்தை விலைக்கு வாங்கலாம். அவ்வடிவம் எந்தச் செயலிலிருந்து பிறந்ததோ, அச்செயலை நாமே செய்தாக வேண்டும்.

அந்தச் செயல் யாது என்று எண்ணியபோது என் தந்தையார் நினைவுக்கு வந்தார். பொருள்வயின் பிரிந்து தில்லிக்கு வந்து, கரோல்பாக்கில் ஓர் அறையில் குடும்பம் நடத்திய குமாஸ்தா அவர். 1971-இல் என் தங்கை பிறந்த மகிழ்ச்சியில், பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் காமிரா ஒன்றை வாங்கினார். உதகமண்டலத்து ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை ‘இந்து’ என்னும் பெயரில் வெளியிட்ட கறுப்பு வெள்ளைச் சுருளை அதில் இடுவார். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். அப்பன்னிரண்டும் பொங்கலில் தொடங்கித் தீபாவளி வரை நீளும். பதினொன்று முடிந்ததும் காமிராவை உறையிலிட்டு அலமாரியில் வைத்துவிடுவார். “இன்னும் ஒன்று இருக்கிறதே, அப்பா?” என்று கேட்பேன். “ஊரிலிருந்து யாராவது வந்தால்?” என்பார். முன்னறிவிப்பின்றி வரக்கூடிய யாரோ ஒருவருக்காக அந்தப் பன்னிரண்டாவது படம் மாதக் கணக்கில் இருளில் காத்திருக்கும்.

கழுவி அச்சிட்ட படங்களுள் ஒன்று தஞ்சை மாவட்டத்தில் இருந்த பாட்டிக்கு அஞ்சலில் செல்லும். ஒருமுறை தந்தையார் அவசரப்பட்டுக் காமிராவின் பின்கதவைத் திறந்துவிட்டமையால் சுருள் முழுவதும் ஒளிபட்டு அழிந்தது. வருவதாக எழுதிய படம் போய்ச் சேரவில்லை. பாட்டி யாரையோ கொண்டு எழுதுவித்த அஞ்சலட்டை வந்தது. படம் ஏன் வரவில்லை என்று அதில் ஒரு சொல் இல்லை. ‘குழந்தைக்கு உடம்பு ஒன்றும் இல்லையே?’ என்று மட்டும் இருந்தது. அன்று அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து விளங்கியது. அதுவும் தலைகுனிவோடு விளங்கியது.

எக்ஸ்100 விற்பனைக்கு வந்தது 2011 மார்ச் மாதத் தொடக்கத்தில். அதே மாதம் 11-ஆம் நாள், வெள்ளிக்கிழமை பிற்பகல், ஜப்பானின் வடகிழக்குக் கரையை 9.0 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. அதனைத் தொடர்ந்து ஆழிப்பேரலை எழுந்தது. இறந்தோரும் காணாமற்போனோரும் சேர்ந்து பதினெட்டாயிரத்திற்கும் மேற்பட்டோர். அவருள் மிகப் பலரை இழந்தது மியாகி மாகாணம். எக்ஸ்100 தயாரான தொழிற்சாலை அம்மாகாணத்துத் தைவா நகரில் இருந்தது. ஆலை சேதமுற்றுப் பணி நின்றது.

செய்தி அறிந்ததும் நான் செய்தது என்ன? கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். “காமிரா வர இன்னும் எத்தனை நாள் ஆகும்?” என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அங்கே ஊர்களே போய்விட்டன, ஐயா” என்று இந்தியில் மெல்லச் சொன்னார்.

2004 டிசம்பர் 26-இல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டபோது, இதே தில்லியில் தொலைபேசியின் முன் இரவெல்லாம் அமர்ந்திருந்தவன் நான். துணியும் பணமும் திரட்டத் தமிழர் வீடு வீடாக ஏறி இறங்கியவருள் நானும் ஒருவன். ஆறே ஆண்டுகளில், அதே பேரலை மற்றொரு கரையில் எழுந்தபோது, என் நெஞ்சில் முதலில் எழுந்தது ஒரு பொருளைப் பற்றிய கவலை. அக்காமிராவைச் செய்த கைகள் யாருடையவை, அவர் இல்லங்கள் நிற்கின்றனவா, அவர் பிள்ளைகள் உளரா என்று எண்ணவில்லை. ஆறு மாதக் காத்திருப்பு என்னைப் பொறுமையுடையவன் ஆக்கவில்லை, குறுகியவன் ஆக்கியிருந்தது.

அப்போதுதான் பாட்டியின் அஞ்சலட்டை நினைவில் எழுந்தது; நான் தேடிய எல்லைக் கோடும் புலப்பட்டது. ஆற்றியிருத்தலும் அவாவும் வெளியே பார்க்க ஒன்று போலவே இருக்கும். இரண்டும் நாள் எண்ணும்; இரண்டும் வழி பார்க்கும்; இரண்டும் உறக்கம் கெடுக்கும். தாமதம் நேரும்போதுதான் அவற்றின் வேறுபாடு தெரியும். குறித்த பருவம் கடந்தும் தலைவன் வாராதபோது, அவனுக்கு என்ன நேர்ந்ததோ என்று தலைவி அஞ்சுகின்றாள். படம் வாராதபோது குழந்தைக்கு என்னவோ என்று பாட்டி கலங்கினார். காமிரா வாராதபோது எனக்கு என்ன இழப்பு என்று நான் கணக்கிட்டேன். தாமதத்தின்போது பிறருக்காக வருந்தும் காத்திருப்பு முல்லை ஒழுக்கம். தனக்காக மட்டும் வருந்துவது அவா. காத்திருக்கும் பொருள் பெரிதா சிறிதா என்பது அன்று அளவுகோல். அக்காத்திருப்பில் பிறர்க்கு இடம் உண்டா என்பதே அளவுகோல்.

இன்னொன்றும் விளங்கியது. பிலிம் காலத்தில் காத்திருத்தல் படமெடுத்த பின்னர் நிகழ்ந்தது. அதன் மறுமுனையில் ஒரு மனிதர் இருந்தார். டிஜிட்டல் காமிரா அக்காத்திருப்பை நீக்கிவிட்டது. எடுத்த நொடியே படம் தெரிகின்றது. காத்திருக்கப் பழகிய நெஞ்சமோ சும்மா இருக்கவில்லை. படத்திற்குப் பின் இருந்த காத்திருப்பைக் காமிராவிற்கு முன் கொண்டுவந்து வைத்துக் கொண்டது. அங்கே மறுமுனையில் ஒரு கடை மட்டுமே இருந்தது. பழைய வடிவத்தை நாடி நாங்கள் ஏங்கியதில் பொய் இல்லை என்றே இன்றும் எண்ணுகின்றேன். ஆனால், நாங்கள் இழந்தது வெள்ளி நிற உலோகத்தையும் திருகுவட்டையும் அன்று. அலமாரியில் இருந்த அந்தப் பன்னிரண்டாவது படத்தை.

ஆலை மீண்டும் இயங்கத் தொடங்கியது. காமிரா அவ்வாண்டிலேயே என் கைக்கு வந்தது. அதனைக் குறை கூற எனக்கு வாயில்லை, நல்ல கருவி. ஆயிரக்கணக்கான படங்கள் கொள்ளும் அதில், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு என்று எனக்கு நானே வரம்பு வகுத்துக் கொண்டேன். பல நாள் அவ்வரம்பை மீறியும் இருக்கின்றேன். மீறாத நாட்களில், பதினோராவது படத்திற்குப் பின் கை தானே நின்று, யாராவது வருவார்களா என்று கண் வாசலை நோக்கும். ஆண்டுக்கு ஒருமுறை சில படங்களை அச்சிட்டு ஊரிலுள்ள பெரியவர்களுக்கு அஞ்சலில் அனுப்புகின்றேன்.

2024 பிப்ரவரியில் அக்காமிராவின் ஆறாவது வடிவம் வெளிவந்தது. பழைய தோற்றம் மாறவில்லை. புள்ளிகள் மட்டும் நான்கு கோடியாகிவிட்டன. மீண்டும் பல நாடுகளில் மாதக் கணக்கில் காத்திருப்போர் வரிசை நீண்டது. அன்று பிறந்த மகிழ்ச்சிக்காகக் காமிரா வாங்கப்பெற்ற அதே தங்கையின் மகன், கடையில் முன்பணம் கட்டிவிட்டு வந்து, “மாமா, இதற்குப் போய் இவ்வளவு நாள் காத்திருப்பது தவறா?” என்று கேட்டான்.

“தவறில்லை, தம்பி, காத்திரு. ஆனால் அது வரத் தாமதமானால், எப்போது வரும் என்று கேட்குமுன், அங்கே யாருக்கு என்ன ஆயிற்று என்று கேள்” என்றேன்.